தட்கலுக்குப் பின்னால் ஃபோர்ட்ரான்

2025-ல் ஏதாவது ஒரு நாள். காலை மணி 9.59. ஹைதராபாத்திலும் புனேயிலும் டில்லியிலும் ஆயிரக்கணக்கான கட்டை விரல்கள் மொபைல் திரைக்கு அரை அங்குலம் மேலே தயாராக நிற்கின்றன. ஏ.சி. வகுப்புக்கான தட்கல் பத்து மணிக்குத் திறக்கும். திறந்த மறு விநாடி பொத்தான் அழுத்தப்படுகிறது. திரையில் சின்னச் சக்கரம் ஒன்று சுழலத் தொடங்குகிறது. குலதெய்வத்தை வேண்டிக்கொள்ள அவகாசம் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்பது ஊருக்குப் போகத் துடிப்பவர்களின் அபிப்பிராயம்.

உண்மையில் அந்தச் சில விநாடிகளில் கோரிக்கை பல பத்தாண்டுகள் பின்னோக்கிப் பயணம் செய்கிறது. கையில் இருப்பது போன வருடம் வாங்கிய போன். அதில் போன மாதம் புதுப்பிக்கப்பட்ட ஆப். ஆனால் பெர்த் உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது 'கன்சர்ட்' என்ற ரயில்வே முன்பதிவு சாஃப்ட்வேர். ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பான 'கிரிஸ்' அதை உருவாக்கியது 1990களில். எழுதப்பட்ட மொழிகள் இரண்டு: சி, ஃபோர்ட்ரான். சி பிறந்தது 1972-ல். ஃபோர்ட்ரான் அதற்கும் மூத்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் தலைமையிலான குழு அதை வெளியிட்டது 1957-ல். டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டு கிழ மொழிகளும் நாட்டையே ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தன.

மொபைல் ஆப் எழுத முற்படும் எந்த இளைஞரையும் முதல் நாளே பிடித்துக்கொள்ளும் கேள்வியை இந்த வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்ட் போனுக்கு எழுதுவதென்றால் ஜாவாவா, கோட்லினா? ஐபோனுக்கு என்றால் ஆப்ஜெக்டிவ்-சியா, ஸ்விஃப்டா? கேட்ட மாத்திரத்தில் அறிவுரைகள் குவியும். பழையதைத் தொட்டால் எதிர்காலம் இல்லை என்பார் ஒருவர். புதியதை நம்பினால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்பார் இன்னொருவர். மாமியார்-மருமகள் வழக்கைப் போல இதில் இரண்டு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வழக்கை வயதை வைத்து விசாரிப்பதில்தான் கோளாறு.

வயது எவ்வளவு நம்ப முடியாத சாட்சி என்பதற்கு ஒரே உதாரணம் போதும். இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிற எல்லோர் வாயிலும் புழங்கும் பைத்தான், 'பழைய மொழி' என்று ஓரம் கட்டப்படும் ஜாவாவைவிட நான்கு வருடம் மூத்தது. பைத்தான் வெளிவந்தது 1991-ல், ஜாவா 1995-ல். அதே 1995-ல்தான் ஜாவாஸ்கிரிப்டும் பிறந்தது. அதை யாரும் கிழம் என்று சொல்வதில்லை. சினிமா நடிகர்களைப் போலத்தான். மார்க்கெட் இருக்கிறவரை வயதைப் பற்றிப் பேச்சே எழாது.

அப்படியானால் புதிய மொழிகள் வெறும் விளம்பரமா? இல்லை. அவற்றில் சில, பழைய மொழிகளின் நிஜமான நோய் ஒன்றைத் தீர்க்க வந்தவை. அந்த நோயின் பெயர் 'நல்'. தமிழ்க் காதுக்கு இது நன்மையைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கும். கம்ப்யூட்டர் உலகில் பொருள் நேர் எதிர். ஒன்றுமில்லை, காலி, சூனியம்.

தமிழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வடக்கே எந்த வங்கிக்கோ பள்ளிக்கோ போய் விண்ணப்பம் நிரப்பிய தமிழருக்கும் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துடன் ஒரு தகராறு இருந்திருக்கும். நம்மில் பலருக்கு அது கிடையாது. அப்பாவின் பெயரின் முதல் எழுத்து உண்டு, சொந்தப் பெயர் உண்டு, அத்தோடு சரி. இப்போது அந்த விண்ணப்பம் ஒரு ஆப். எழுதிய என்ஜினியர் குடும்பப் பெயர் எல்லோருக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில், அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணும்படி ஒரு வரி எழுதிவிட்டார். சோதித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் இருந்தது. எல்லாம் சரியாகவே ஓடியது. ஒரு நாள் முருகன் என்று மட்டுமே பெயர் கொண்ட ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். புரோகிராம் போய் இழுப்பறையைத் திறக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. இல்லாத பெயரின் எழுத்துகளை எண்ணச் சொன்னால் அது என்ன செய்யும்? செத்து விழும். ஆப் மூடிக்கொள்ளும். முருகனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. போன் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இந்தக் காலி இழுப்பறையைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர். 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது, செய்வது சுலபமாக இருக்கிறதே என்பதற்காக அதைச் சேர்த்தார். பிற்பாடு வந்த மொழிகள் பல அப்படியே சுவீகரித்துக்கொண்டன. ஜாவாவும்தான். 2009-ல் லண்டன் மாநாடு ஒன்றில் பேசிய ஹோர், அதைத் தனது நூறு கோடி டாலர் தவறு என்று வர்ணித்தார். உலகம் முழுக்க அது விளைவித்த நஷ்டத்துக்கு அவர் போட்ட உத்தேசக் கணக்கு. குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

கோட்லின் இந்த இடத்தில்தான் கறாராக இருக்கிறது. ஒரு இழுப்பறை காலியாக இருக்கக்கூடும் என்றால் அதை முதலிலேயே ஒரு கேள்விக்குறி போட்டு அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பிறகு, 'காலியாக இருந்தால் என்ன செய்வது?' என்பதற்குப் பதில் எழுதாமல் மேலே போக விடாது. என்ஜினியரின் மேஜையிலேயே தகராறு செய்யும். முருகன் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்காது. ஆப்பிளின் ஸ்விஃப்டும் இதே ஜாதி. கூகுள் தனது 'ஹோம்' ஆப்பின் புதிய பகுதிகளைக் கோட்லினில் எழுதத் தொடங்கிய பிறகு, காலி இழுப்பறையால் ஆப் விழுவது 33 சதவீதம் குறைந்தது என்று தெரிவித்திருக்கிறது. கோட்லினைப் பரப்புவதும் கூகுள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

கோட்லின் வென்றதற்கு இன்னொரு காரணம் அதன் பணிவு. ஜெட்பிரெய்ன்ஸ் என்ற நிறுவனம் 2011-ல் அறிமுகம் செய்த இந்த மொழிக்கு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள ஒரு தீவின் பெயர். ஜாவாவும் ஒரு தீவுதானே என்ற குறும்பு அதில் உண்டு. ஆனால் இது தனித் தீவாக இருக்க மறுத்தது. ஜாவாவில் எழுதிய பத்து வருடத்து ஆப்பை இடிக்க வேண்டாம், பக்கத்து அறையை மட்டும் கோட்லினில் கட்டலாம், இரண்டுக்கும் நடுவே கதவு தாராளமாகத் திறக்கும் என்றது. 2017-ல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக அதை ஏற்றது. 2019-ல் இனிக் கோட்லினுக்கே முதலிடம் என்று சொல்லிவிட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தனது ஆண்ட்ராய்ட் ஆப்களில் கோட்லின் வரிகள் ஒரு கோடியைத் தொட்டுவிட்டதாக 2022-ல் அறிவித்தது. பழைய ஜாவா ஆப்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து சேர்ந்த கோடி அது.

புதுமைக்குக் கொடுக்கும் விலைக்கு ஐபோன் பக்கம் நல்ல உதாரணம் இருக்கிறது. ஆப்ஜெக்டிவ்-சி 1980களின் தொடக்கத்தில் பிறந்த மொழி. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனி வழியாக ஆப்பிளுக்குள் வந்தது. அதற்கு மாற்றாக 2014-ல் ஸ்விஃப்ட் அறிமுகமானதும் பலர் ஓடிப்போய் அணைத்துக்கொண்டார்கள். 2016-ல் அதன் மூன்றாவது பதிப்பு வந்தது. முந்தைய பதிப்பில் எழுதிய வரிகளை அது அப்படியே ஏற்கவில்லை. நேற்று ஓடியதை இன்று திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2019-ல் ஐந்தாவது பதிப்பு வந்து நிலைகொள்ளும்வரை, ஒவ்வொரு ஸ்விஃப்ட் ஆப்பும் அந்த மொழியின் அடிப்படை நூலகங்களையும் தன் முதுகிலேயே சுமக்க வேண்டியிருந்தது. ஆப்பின் எடை கூடியது. அந்த ஐந்து வருடங்களில் ஆப்ஜெக்டிவ்-சியைக் கட்டிக்கொண்டு அழுதவர்களைப் பத்தாம்பசலிகள் என்று சொன்னார்கள். நிம்மதியாகத் தூங்கியவர்கள் அவர்களே.

பழைய மொழியைத் தெரிந்தே தேர்ந்தெடுத்து ஜெயித்தவர்களும் உண்டு. இந்தியாவில் காலை வணக்கத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் சுமந்து செல்லும் வாட்ஸப்பின் கதை அது.

1986-ல் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். தேவை, டெலிபோன் எக்சேஞ்ச்சுகளை ஓட்டுவது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேச்சுகள் நடக்க வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றவை அறியக்கூடாது. இயந்திரத்தை நிறுத்தாமலே பழுது பார்க்க வேண்டும். டெலிபோன் நெரிசலுக்குக் கணக்கு வகுத்த டென்மார்க் கணித மேதை எர்லாங்கின் பெயரையே மொழிக்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1998-ல் எரிக்சனின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளில் எர்லாங் கூடாது என்று தடை போட்டது. எல்லோரும் புழங்கும் மொழியே போதும் என்பது நிர்வாகத்தின் வாதம். அதே ஆண்டு எர்லாங் பொதுச் சொத்தாக எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் பலர் கம்பெனியை விட்டே போனார்கள்.

யாஹூவில் வேலை பார்த்த ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் 2009-ல் வாட்ஸப்பைத் தொடங்கினார்கள். செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர்களுக்கு அவர்கள் பிடித்துக்கொண்டது இந்த எர்லாங்கை. யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்ததும் டெலிபோன் எக்சேஞ்ச் வேலைதான். 2012 ஜனவரியில் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டினார்கள். 2014-ல் ஃபேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்க முன்வந்தபோது 45 கோடிப் பேர் வாட்ஸப்பைப் பயன்படுத்தினார்கள். அதை நடத்திய என்ஜினியர்கள் 32 பேர். நம் ஊரில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது, வாட்ஸப் எல்லா இடத்திலும் எர்லாங்கை நுழைக்கவில்லை. போனில் உட்காரும் பகுதியை அந்தந்த போனுக்கு உரிய மொழியில் எழுதினார்கள். சாதாரண நோக்கியா போனுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. ஆப் என்று நாம் பார்ப்பது கடையின் முகப்பு. அதற்கு ஆயுள் குறைவு. போன் மாறும், திரையின் அளவு மாறும், ரசனை மாறும். மூன்று வருடத்தில் எப்படியும் திருத்தியாக வேண்டிய அந்தப் பகுதிக்கு இன்றைய மொழியை எடுப்பதில் தயக்கமே தேவையில்லை. புதிதாக ஆண்ட்ராய்ட் ஆப் தொடங்கும் நாலு பேர் இன்று ஜாவாவில் தொடங்கினால் அது வீம்பு. கூகுள் 2021-ல் முழுமையாக வெளியிட்ட திரை அமைப்புக் கருவியான 'கம்போஸ்' கோட்லினுக்கு மட்டுமே ஆனது. கல்லூரியில் ஜாவா படித்தவர் சில வாரங்களில் கோட்லினுக்குப் பழகிவிடுவார். ஏற்கெனவே ஜாவாவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப் என்றால் சங்கதி வேறு. அதைத் தொடாமல், புதிதாகச் சேர்ப்பதை மட்டும் கோட்லினில் எழுதினால் போதும். சரக்கு வைத்திருக்கும் கிடங்கு, அதாவது சர்வர், இன்னொரு விவகாரம். அங்கே கேட்க வேண்டியது மொழியின் வயதை அல்ல. பத்து வருடம் கழித்து, எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, நள்ளிரவில் பழுதானால் அதைப் படித்துப் பொருள் சொல்ல யார் இருப்பார்கள் என்பதைத்தான்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2020 ஏப்ரலில் பார்த்தது. கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது நியூ ஜெர்சி மாநிலத்தின் அமைப்பு திணறியது. நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய கம்ப்யூட்டர்கள். அவற்றில் கோபால் என்ற மொழி. கோபால் தெரிந்த தொண்டர்கள் தேவை என்று கவர்னர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாகவே கேட்டார். நம் கோபால்களுக்கும் அந்த மொழிக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர இன்னொரு உறவும் உண்டு. 2000-ஆம் ஆண்டுக் கோளாறைச் சரிசெய்ய இந்தியாவின் சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துத்தான் உலகச் சந்தையில் பெரிதாகக் கால் பதித்தன. நியூ ஜெர்சியில் கிழவர் மேல் பழி விழுந்தது. ஆனால் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் அதே ஆண்டு எழுதிய கட்டுரை, சரிந்தது பின்னால் இருந்த கோபால் அல்ல, மக்கள் விண்ணப்பம் போட்ட இணையதளம்தான் என்று சுட்டிக்காட்டியது. அந்த முகப்பு எழுதப்பட்டிருந்தது ஜாவாவில்.

மீண்டும் ரயில்வே. 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் முன்பதிவு அமைப்பையே புதிதாகக் கட்டிவருவதாக அறிவித்தது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் தரும் திறன் இலக்கு. பழைய அமைப்புக்கு என்ன கேடு வந்தது? ஃபோர்ட்ரானுக்கு ஒன்றுமில்லை. அந்த மொழிக்கு 2023-ல்கூடப் புதிய தரம் வெளியாகியிருக்கிறது. கேடு வந்தது அடித்தளத்துக்கு. கன்சர்ட் ஓடியது 'ஓபன்விஎம்எஸ்' என்ற இயக்க அமைப்பின் மேல், 2010-ல் மாற்றப்பட்ட 'இட்டானியம்' என்ற சில்லு கொண்ட சர்வர்களில். இன்டெல் கம்பெனி இட்டானியத்தை அனுப்புவதை 2021 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓலை செல்லரித்தால், அதில் உள்ள பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு ஓலையில் பெயர்த்தெழுதித்தான் ஆக வேண்டும்.

பெயர்த்தெழுதுவதில் உள்ள ஆபத்தும் ஓலைக்காலத்து ஆபத்துதான். முன்பதிவு என்பது காலி இடத்தைப் பார்த்துக் கொடுப்பது மட்டுமல்ல. பெண்களுக்கு ஒதுக்கீடு, தட்கல் ஒதுக்கீடு, இடையில் உள்ள ஊர்களுக்குத் தனி ஒதுக்கீடு. ஒரே பெர்த் சென்னையிலிருந்து விஜயவாடாவரை ஒருவருக்கு, அங்கிருந்து டில்லிவரை இன்னொருவருக்கு. 45 வயதுப் பெண் கேட்காவிட்டாலும், காலி இருந்தால் கீழ்ப் பெர்த். ஆர்.ஏ.சி.யில் இரண்டு பேருக்கு ஒரு பெர்த். இவற்றோடு அவ்வப்போது வரும் உத்தரவுகள். 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம் என்றிருந்தது 2024 நவம்பரில் 60 ஆனது. ரயில் புறப்பட நான்கு மணி நேரத்துக்கு முன்னால் தயாரான சார்ட், 2025 ஜூலையில் எட்டு மணி நேரத்துக்கு முன்னதாக நகர்ந்தது. கம்ப்யூட்டர் முன்பதிவு டில்லியில் தொடங்கிய 1985 முதல் வந்த உத்தரவுகள் எத்தனையோ. சுற்றறிக்கைகள் மூட்டை கட்டி மூலையில் போடப்பட்டிருக்கலாம். தினமும் நிறைவேற்றப்படும் சட்டப் புத்தகம் அந்தப் புரோகிராம் வரிகள்தான்.

எந்தத் தலைமுறை என்ஜினியரும் ஃபோர்ட்ரானின் இலக்கணத்தை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு எந்த மொழியிலும் இலக்கணம் கிடையாது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே நிறுத்தியது. ஆனால் கீழ்ப் பெர்த் தருவதற்கு அவர்களுடைய வயது இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பழைய அமைப்பைப் புதிய மொழிக்குக் கொண்டுவருகிறவர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சலுகைக்கான கணக்கை விட்டுவிடுவதா, நாளை யாராவது அமைச்சர் திருப்பிக் கொடுத்தால் உதவும் என்று எழுதி வைப்பதா என்று யாரிடமாவது போய்க் கேட்டாக வேண்டும்.